பாதையைப் பார்த்து வீடு பாருங்கள்: லிவிங்ஸ்டனில் குடியேறுவோருக்குக் கேள்வி–பதில்

ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்கு மேற்கே சுமார் 15 மைல் தொலைவில், ஆல்மண்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது லிவிங்ஸ்டன். வேலைக்கும் படிப்புக்கும் அங்கே குடிபோகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: எடின்பரோ வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. லிவிங்ஸ்டனில் வீடு தேடுகிறோம். விளம்பரப் படங்களில் எங்கே பார்த்தாலும் மரமும் புல்வெளியுமாக இருக்கிறது. எங்களிடம் கார் இல்லை, இரண்டு குழந்தைகள் உண்டு. எந்தப் பகுதியில் பார்ப்பது?

பதில்: பகுதியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் பாதையைப் பாருங்கள். கிளாஸ்கோவின் நெரிசலைக் குறைப்பதற்காக 1962-ல் அறிவிக்கப்பட்ட புதுநகரம் இது. ஈஸ்ட் கில்பிரைடு, கிளென்ராத்திஸ், கம்பர்நால்டு மூன்றுக்கும் அடுத்து நான்காவதாக வந்தது. கார் ஓடும் சாலை வேறு, ஆள் நடக்கும் பாதை வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துக் கட்டினார்கள். அதனால் பெரிய இணைப்புச் சாலைகள் பலவற்றின் ஓரத்தில் நடக்கவே இடம் இருக்காது. நடப்பவருக்கான பாதை வீடுகளுக்குப் பின்புறமாக மரங்களுக்கு நடுவே போகும். சாலை குறுக்கிட்டால் அடியில் சுரங்கப்பாதை வழியாகவோ மேலே பாலம் வழியாகவோ கடக்கும். படத்தில் நீங்கள் பார்க்கும் பசுமையில் பெரும்பகுதி இந்தப் பாதைகளின் இரு பக்கமும் இருப்பதுதான்.

இதில் நல்லதும் உண்டு, சிக்கலும் உண்டு. ஏழெட்டு வயதுக் குழந்தை பெரிய சாலை எதையும் கடக்காமல் பள்ளிக்குப் போய்வர முடிகிற வீடுகள் இங்கே இருக்கின்றன. ஆனால் டிசம்பர் நடுவில் பொழுது மாலை 3.40-க்கே சாய்ந்துவிடும். பள்ளி விடும் நேரத்தில் அதே மரப்பாதை மங்கலாகிவிடும். ஆகவே வீட்டைப் பகலில் ஒருமுறை பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். இருட்டிய பிறகு ரயில் நிலையத்திலிருந்தும் கடையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள். சுரங்கப்பாதையில் விளக்கு எரிகிறதா, தரையில் தண்ணீர் தேங்குகிறதா என்று கவனியுங்கள். தேங்கும் தண்ணீர் ஜனவரியில் பனிக்கட்டியாகி ஆளை வழுக்கிவிடும். அந்தப் பாதை அடைபட்டால் போக இன்னொரு வழி உண்டா என்றும் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக் கவுன்சில் எனப்படும் உள்ளூராட்சிக்குச் சொல்லுங்கள். எண் தெரிந்தால் ஆள் நேராக அந்தக் கம்பத்துக்கே வந்துவிடுவார்.

இன்னொன்று: பழைய குடியிருப்புகளில் பல வீடுகளின் முன்வாசல் நடைபாதையைப் பார்த்திருக்கும், கார் நிறுத்துமிடம் பின்னால் இருக்கும். பொருள் கொண்டு வருபவர் சாலையில் நின்று வீட்டு எண்ணைத் தேடினால் கிடைக்காது. எந்த நிறுத்துமிடத்தில் வண்டியை விட வேண்டும், அங்கிருந்து எந்தப் பக்கம் எத்தனையாவது வாசல் என்று முகவரியோடு இரண்டு வரி எழுதி வையுங்கள். அவசரத்தில் ஆம்புலன்ஸை அழைக்கும்போதும் அதே இரண்டு வரியைச் சொல்லலாம்.

பகுதிகள் என்று பார்த்தால், டெட்ரிஜ் கார் இல்லாதவர்களுக்குத் தோதானது. நகர மையமும் லிவிங்ஸ்டன் சவுத் ரயில் நிலையமும் நடை தூரத்தில் இருக்கின்றன. மியூரிஸ்டனும் அந்த நிலையத்தை ஒட்டியதே. தனி வீடுகளும் மரங்களும் அங்கே அதிகம். டீன்ஸ், எலிபர்ன் இரண்டும் லிவிங்ஸ்டன் நார்த் நிலையத்துப் பக்கம். செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையில் வேலை என்றால் ஹௌடன் அல்லது கிரெய்க்ஸ்ஹில் பாருங்கள்.

கேள்வி: இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றனவே, எது எதற்கு? பேருந்துக்கு ஏதாவது சலுகை உண்டா?

பதில்: இரண்டிலிருந்தும் எடின்பரோ போகலாம். கிளாஸ்கோ போவதில்தான் வித்தியாசம்: நார்த்தில் ஏறினால் குயீன் ஸ்ட்ரீட், சவுத்தில் ஏறினால் ஷாட்ஸ் வழியாக சென்ட்ரல். இரண்டு நிலையங்களுமே கடைகள் உள்ள நகர மையத்தில் இல்லை. அங்கிருந்து நடக்க அரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். “ரயில் நிலையம் உள்ள ஊர்” என்று விளம்பரம் சொல்வதை நம்பி வீடு எடுத்துவிட்டு, காலையில் நிலையத்துக்கே பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் உண்டு. வீட்டிலிருந்து நிலையம் எத்தனை நிமிட நடை என்பதை வீடு பார்க்கும் அன்றே அளந்துவிடுங்கள். ஸ்காட்ரெயிலில் காலை, மாலை நெரிசல் நேரத்துக்கான கூடுதல் கட்டணம் 2025 செப்டம்பர் 1 முதல் கிடையாது.

5 முதல் 21 வயது வரை ஸ்காட்லாந்தில் வசிப்பவர்களுக்குப் பேருந்து இலவசம். இது 2022 ஜனவரி 31-ல் தொடங்கிய திட்டம். அட்டை வேண்டும், அட்டை இல்லாமல் வயதை மட்டும் சொன்னால் ஓட்டுநர் ஏற்றுக்கொள்ள மாட்டார். குடிவந்த வாரமே விண்ணப்பியுங்கள். 60 வயதானவர்களுக்கும் பேருந்து இலவசம்தான், ஆனால் அங்கேயே வசிப்பவராக இருக்க வேண்டும். ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அப்பா, அம்மாவுக்குக் கிடைக்காது.

கேள்வி: முன்பணமாக மூன்று மாத வாடகையும், ஒப்பந்தம் எழுத 150 பவுண்டும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் டெபாசிட் இரண்டு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஒப்பந்தம் எழுத, பின்னணி சரிபார்க்க, பெயர் சேர்க்க என்று எந்தக் கட்டணமும் குடித்தனக்காரரிடம் வாங்குவது சட்டவிரோதம். இங்கிலாந்தில் இருக்கும் நண்பர்கள் சொல்லும் வாடகை விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்காட்லாந்தின் சட்டம் தனி.

உங்கள் டெபாசிட்டை வீட்டுக்காரர் தன் கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது. குடித்தனம் தொடங்கி 30 வேலை நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் கட்டி, எதில் கட்டினார் என்று உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் ஃபர்ஸ்ட்-டியர் டிரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்தில் முறையிடலாம். டெபாசிட்டைப் போல மூன்று மடங்கு வரை உங்களுக்குத் தரச் சொல்லி உத்தரவிட முடியும். குடித்தனம் முடிந்து மூன்று மாதத்துக்குள் மனு போட்டாக வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கெடுவில்தான்.

2017 டிசம்பர் 1 முதல் எழுதப்படும் தனியார் வாடகை ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதி கிடையாது. “ஆறு மாதம் முடிந்தது, காலி செய்யுங்கள்” என்று காரணம் இல்லாமல் சொல்ல முடியாது. நீங்கள் கிளம்புவதென்றால் 28 நாள் முன்னதாக எழுத்தில் சொன்னால் போதும். வாடகையை 12 மாதத்தில் ஒருமுறைதான் உயர்த்தலாம். அதற்கும் மூன்று மாத அவகாசம் தர வேண்டும். வீட்டு விளம்பரத்தில் வீட்டுக்காரரின் பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாத விளம்பரத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

சாவி வாங்கும் நாளில் மேலே அண்ணாந்து பாருங்கள். கூடத்தில் ஒன்று, ஒவ்வொரு மாடியின் நடையிலும் ஒன்று என்று புகை அலாரமும், சமையலறையில் வெப்ப அலாரமும் இருக்க வேண்டும். ஒன்று அடித்தால் எல்லாம் சேர்ந்து அடிக்க வேண்டும். எரிவாயு பாய்லர் இருந்தால் அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் தேவை. பிறகு ஒவ்வொரு அறையையும், அலமாரிகளின் உட்புறத்தையும் படம் எடுத்து அன்றே மின்னஞ்சலில் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

வாடகைக்கு மேல் கவுன்சில் டாக்ஸ் என்ற உள்ளூராட்சி வரி உண்டு என்பதைக் கணக்கில் சேருங்கள். தண்ணீர், கழிவுநீர்க் கட்டணமும் அதே பில்லில் வரும். தனியாக வசித்தால் வரியில் 25 சதவீதம் குறையும். வீட்டில் எல்லோருமே முழுநேர மாணவர்கள் என்றால் வரி இல்லை, ஆனால் நீங்களாக விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி: வாடகையை விட மாதத் தவணை குறைவாக வருகிறது, வாங்கிவிடலாம் என்று நினைக்கிறோம். “ஆஃபர்ஸ் ஓவர் 2,00,000 பவுண்டு” என்று போட்டிருக்கிறது. கையில் எவ்வளவு வேண்டும்? கோவையில் எங்கள் பெயரில் ஒரு ஃபிளாட் இருக்கிறது.

பதில்: உங்கள் கடைசி வரிதான் முக்கியம். அதற்கு வருமுன் நடைமுறையைச் சொல்லிவிடுகிறோம். விற்பவர் ஹோம் ரிப்போர்ட் என்ற அறிக்கையைத் தயாரித்து வைத்திருக்க வேண்டும். அதில் சர்வேயர் ஒவ்வொரு பகுதிக்கும் 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார். 3 என்றால் உடனே சரிசெய்ய வேண்டியது. வீட்டின் மதிப்பும் அதிலேயே இருக்கும். “ஆஃபர்ஸ் ஓவர்” என்றால் அந்த விலைக்கு மேல் தர முன்வாருங்கள் என்று பொருள். ஆர்வமுள்ளவர் பலர் இருந்தால் ஒரு நாளைக் குறித்து, மூடிய விலையாக எல்லோரிடமும் ஒரே நேரத்தில் வாங்குவார்கள். விலையை உங்கள் சொலிசிட்டர், அதாவது வழக்கறிஞர்தான் அனுப்புவார். ஆகவே வீடு பிடித்த பிறகு சொலிசிட்டரைத் தேடினால் காலம் கடந்துவிடும்.

வங்கி, மதிப்பீட்டைப் பார்த்துத்தான் கடன் தரும். மதிப்பு 2,00,000, நீங்கள் கொடுக்கும் விலை 2,10,000 என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீத முன்தொகை 20,000. மதிப்புக்கு மேற்பட்ட 10,000-க்குக் கடன் கிடைக்காது, அதையும் ரொக்கமாகப் போட வேண்டும். வீடு வாங்கும்போது கட்டும் எல்.பி.டி.டி. என்ற வரி, 1,45,000-க்கு மேல் 2,50,000 வரையிலான தொகைக்கு 2 சதவீதம். உங்கள் விலைக்கு 1,300 பவுண்டு வரும். முதல் வீடு வாங்குபவருக்கு வரி 1,75,000-க்கு மேல்தான் தொடங்கும். அவர் 700 கட்டினால் போதும். சொலிசிட்டர் கட்டணம் தனி.

இப்போது கோவை ஃபிளாட்டுக்கு வருவோம். முதல் வீடு என்ற சலுகை, உலகில் எங்கேயும் வீடு வைத்திராதவருக்குத்தான். அதோடு முடிவதில்லை. ஏ.டி.எஸ். என்ற கூடுதல் வரி, இன்னொரு வீடு வைத்திருப்பவர் வாங்கும்போது முழு விலைக்கும் 8 சதவீதம் போடப்படுகிறது. 2,10,000-க்கு அது 16,800 பவுண்டு. வெளிநாட்டில் உள்ள வீடும் கணக்கில் வரும். உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால் போதும். மனைவி பெயரில் ஃபிளாட், கணவர் பெயரில் புது வீடு என்று பிரித்து எழுதினாலும் தப்பாது. தம்பதியை ஒரே அலகாகத்தான் பார்ப்பார்கள். பூர்வீக வீட்டில் பங்கு இருந்தாலும் இதே கதை. முதல் சந்திப்பிலேயே சொலிசிட்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பின்னால் அபராதத்தோடு வரும்.

வீட்டைப் பொறுத்தவரை இரண்டு கேள்விகள் கேளுங்கள். 1960, 70-களில் கட்டிய தட்டைக்கூரை வீடு என்றால் கூரைப் பலகை ‘ராக்’ எனப்படும் காற்றேறிய கான்கிரீட்டா என்று எழுத்தில் உறுதி பெறுங்கள். அந்தப் பலகை ஈரம் பட்டால் வலுவிழக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குக் கடன் கிடைப்பதும் திரும்ப விற்பதும் கடினம். அடுத்து, எதிரே இருக்கும் புல்வெளியை யார் பராமரிக்கிறார்கள்? கவுன்சில் பராமரித்தால் தனிக் கட்டணம் இல்லை. புதிய குடியிருப்புகளில் ‘ஃபேக்டர்’ எனப்படும் பராமரிப்பு நிறுவனம் புல்வெட்டி, மரம் கழித்து, விளையாட்டுத் திடலைப் பார்த்துக்கொள்ளும்; செலவு வீட்டுக்காரர்கள் தலையில் விழும். ஹோம் ரிப்போர்ட்டின் கேள்வித்தாளில் ஃபேக்டர் கட்டணம் எழுதப்பட்டிருக்கும். கடைசி இரண்டு ஆண்டு பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அக்டோபரிலிருந்து படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. துடைத்தாலும் இரண்டு வாரத்தில் திரும்புகிறது. வீட்டுக்காரர் “நீங்கள் சமைப்பதால்தான்” என்கிறார்.

பதில்: சமையல் ஒரு பங்குதான். 20 டிகிரி சூடுள்ள அறையில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 14 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தச் சுவரிலும் தண்ணீர் கட்டும். வெளிச்சுவர் மூலை, அலமாரியின் பின்புறம், ஜன்னல் ஓரம் இவைதான் முதலில் குளிரும் இடங்கள். ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்கு இறக்கினால் சுவர் 9 டிகிரி வரை குளிர்ந்தாலும் தண்ணீர் கட்டாது. ஆகவே முதலில் ஒரு ஈரப்பதமானி வாங்கி அந்த அறையில் வையுங்கள். எண் தெரியாமல் எதையும் சரிசெய்ய முடியாது.

பெரிய குற்றவாளி பெரும்பாலும் துணிதான். ஒரு சலவை ஈரத்துணியை வீட்டுக்குள் உலர்த்தினால் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் காற்றில் கலக்கும். ஒரே அறையில் கதவைச் சாத்தி, ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் போட்டு உலர்த்துங்கள். இட்லி அவிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் சமையலறைக் கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டு, அடுப்பை அணைத்த பிறகும் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஜன்னல் சட்டத்தின் மேல் இருக்கும் சிறு காற்றுத் துளையைக் குளிருக்குப் பயந்து டேப் ஒட்டி அடைப்பது நிறையப் பேர் செய்யும் தவறு. கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளிப் போடுங்கள். சூடேற்றியைக் காலையும் மாலையும் பலமாகப் போட்டு நடுவில் முழுக்க அணைப்பதைவிட, 18 டிகிரி அளவில் சீராக வைத்தால் சுவர் குளிர்ந்துபோகாது.

இத்தனையும் செய்து ஈரப்பதமானி 55-க்குக் கீழே காட்டியும் பூஞ்சை வந்தால் குற்றம் கட்டடத்தில்தான்: மழைநீர்க் குழாய் ஒழுகல், பழுதான விசிறி, சுவரில் வெப்பத்தடுப்பு இல்லாமை. தேதி போட்ட படங்களோடும் ஈரப்பத எண்களோடும் வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பழுது பார்க்கும் பொறுப்பு சட்டப்படி அவருடையது. நியாயமான அவகாசத்தில் செய்யாவிட்டால் அதே டிரிப்யூனல் இதையும் விசாரிக்கும். “சமையலால்தான்” என்ற பேச்சு எண்களுக்கு முன் நிற்காது.

கேள்வி: மகளுக்கு நவம்பரில் ஐந்து வயதாகிறது. பள்ளியில் எப்போது சேர்ப்பது?

பதில்: மார்ச் 1 முதல் அடுத்த பிப்ரவரி முடிவதற்குள் ஐந்து வயதாகும் குழந்தைகள் அந்த ஆகஸ்டில் பிரைமரி 1 என்ற முதல் வகுப்பில் சேருகிறார்கள். நவம்பர்க் குழந்தை நாலே முக்கால் வயதில் போகலாம். ஓராண்டு தள்ளிப்போடவும் உங்களுக்கு உரிமை உண்டு, அந்த ஆண்டும் நர்சரி இலவசம். மூன்று, நான்கு வயதுக்கு ஆண்டுக்கு 1,140 மணி நேரம் நர்சரி அரசு செலவில் கிடைக்கிறது. பள்ளி வீட்டு முகவரியைப் பொறுத்தது. வேறு பள்ளி வேண்டுமானால் மார்ச் 15-க்குள் கவுன்சிலிடம் கேளுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை மதிய உணவு இலவசம். சைவம் என்றால் சேர்க்கும்போதே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: ஆற்றங்கரைப் பாதை திடீரென்று தனியார் வயலுக்குள் போகிறது. உள்ளே போனால் பிரச்சினை வருமா?

பதில்: நடந்தோ சைக்கிளிலோ போகலாம். 2003-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் பொறுப்போடு நடமாடும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. வீட்டுத் தோட்டம், பள்ளி வளாகம், பயிர் நிற்கும் நிலம் ஆகியவை இதில் சேராது. பயிர் இருந்தால் வரப்போரமாகச் சுற்றிப் போங்கள். மோட்டார் வண்டிக்கு இந்த உரிமை இல்லை. திறந்த கதவைத் திறந்தபடியும், மூடியதை மூடியும் விட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் மாட்டு மந்தைக்குள் மட்டும் நுழையாதீர்கள், நாய் கூட இருந்தால் சுற்று வழிதான்.

மிட் கால்டர் தாண்டி ஆல்மண்டெல் பூங்கா வரை ஆற்றோடு போகும் பாதையைத் தவறவிடாதீர்கள். யூனியன் கால்வாய்க்கு ஆற்றுநீர் கொண்டுபோகும் பழைய வாய்க்கால் அங்கே கூடவே ஓடிவரும். நம் ஊர் ஆற்றுப்பாசனம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வாய்க்காலைப் பார்த்தால் நின்று பார்க்கத் தோன்றும்.

உயரமான புல்லிலும் பெரணியிலும் உண்ணி இருக்கும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுப் பின்புறம், குழந்தைகளின் தலைமுடி ஓரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, சுடுவது கூடாது. அது உண்ணியின் வயிற்றில் இருப்பதை உடம்புக்குள் கக்கவைக்கும். அடுத்த ஒன்று முதல் நான்கு வாரத்தில் அந்த இடத்தில் வட்டமாகத் தடிப்பு பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். மாநிறத்தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் கன்றிப்போனதுபோல் இருக்கலாம்.

கேள்வி: வெந்தயக்கீரை, கொத்தமல்லி, கறிவேப்பிலை வளருமா?

பதில்: முதல் இரண்டும் நன்றாக வரும். இங்கே மே கடைசி வரை உறைபனி விழலாம், அதற்கு முன் வெளியே விதைக்காதீர்கள். வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்து ஜூன் தொடக்கத்தில் தூவினால் நாலைந்து வாரத்தில் கிள்ளலாம். கொத்தமல்லி ஏமாற்றும்: ஜூனில் பகல் பதினேழு மணி நேரத்துக்கு மேல் இருப்பதால் இலை விடாமல் பூத்துவிடும். விதையை இரண்டாக உடைத்து ஆகஸ்ட் தொடக்கத்தில் போடுங்கள், பகல் குறையக் குறைய இலை செழிக்கும். கறிவேப்பிலை தொட்டியில், ஜன்னலோரம்; 12 டிகிரிக்குக் கீழே போனால் இலை கொட்டும். குளிர்காலத்தில் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், அழுகுவது அதிகத் தண்ணீரால்தான்.

நிலம் வேண்டுமென்றால் கவுன்சிலிடம் அலாட்மென்ட், அதாவது பயிரிட வாடகைக்குத் தரும் துண்டு நிலம் கேட்டு எழுதுங்கள். முழு மனை 250 சதுர மீட்டர். இருவர் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது அதிகம். விண்ணப்பத்திலேயே சிறியது போதும் என்று எழுதலாம். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும், ஆகவே வீடு உறுதியான வாரமே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.